ஜெயிச்சா நஷ்டமா? ஆஸ்திரேலிய ஃபுட்பால் ரசிகர்களோட டிராஃப்ட் கோபம்

[திரையில்: மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். 2009 சீசன், 18ஆவது சுற்று]

மெல்பர்ன் கிளப் 2 புள்ளி முன்னால இருக்கு. சைரன் அடிச்சாச்சு. ஆனா ரிச்மண்ட் வீரர் ஜோர்டன் மக்மஹோன் கையில பந்து இருக்கு, அவருக்கு ஒரே ஒரு உதை பாக்கி. நிதானமா ஓடி வந்து உதைக்கிறார். பந்து நடுக் கம்பம் ரெண்டுக்கும் இடையில போகுது. 6 புள்ளி. ரிச்மண்ட் 4 புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சிடுச்சு.

இப்படிக் கடைசி உதையில தோத்தா எந்த ரசிகனுக்கும் வயிறு எரியும். ஆனா மெல்பர்ன் ரசிகர்களுக்கு அந்த சீசன் பூரா இன்னொரு கணக்கும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த வருஷம் மெல்பர்ன் மொத்தமா ஜெயிச்சது 4 மேட்ச். மக்மஹோனோட உதை மட்டும் விலகிப் போயிருந்தா அது 5 ஆகியிருக்கும். 5 ஆகியிருந்தா, நாட்டுலயே சிறந்த இளம் வீரரைக் கூடுதலா எடுக்கிற சலுகை கையை விட்டுப் போயிருக்கும்.

தன்னோட டீம் ஜெயிச்சா நஷ்டம், தோத்தா லாபம். ஒரு ரசிகனை இப்படி ஒரு இடத்துல கொண்டுபோய் நிறுத்தின விதியைப் பத்தியும், அந்த விதி போனதுக்கு அப்புறமும் அடங்காத கோபத்தைப் பத்தியும்தான் இந்த வீடியோ.

[திரையில்: முட்டை வடிவ மைதானம், ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம்]

முதல்ல ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவுல பல ஊர்கள்ல ஃபுட்பால்னு சொன்னா மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுற ஆட்டம் இல்ல. இது அவங்க மண்ணுல பிறந்த ஆட்டம். பக்கத்துக்கு 18 பேர். நடுக் கம்பங்களுக்கு இடையில உதைச்சா 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்கு இடையில போனா 1 புள்ளி. இதோட பெரிய லீக் பேர் ஏ.எஃப்.எல். இப்ப அதுல 18 கிளப். அதுல பாதி மெல்பர்ன் நகரத்தைச் சேர்ந்தவை. அப்பா எந்த கிளப்போ பிள்ளையும் அதே கிளப். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் எதிரி கிளப்பா இருந்தா திங்கட்கிழமை பேச்சே தனியா இருக்கும்.

நமக்கு ஐ.பி.எல். ஏலம் தெரியும். பணம் வச்சிருக்கிறவங்க கையைத் தூக்கணும், விலை ஏறும், வீரர் கிடைப்பார். ஏ.எஃப்.எல்.ல ஏலம் கிடையாது. 1986ல டிராஃப்ட் வந்துச்சு. பெரும்பாலும் 18 வயசுப் பசங்க. வருஷக் கடைசியில வரிசையா ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொருத்தரா எடுக்கும். அந்த வரிசை தலைகீழ் வரிசை: கடைசி இடத்துல முடிஞ்ச கிளப்புக்கு முதல் தேர்வு, கோப்பை ஜெயிச்ச கிளப்புக்குக் கடைசித் தேர்வு. வீரர்கள் சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருக்கு. பணக்கார கிளப்பே எப்பவும் ஜெயிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது, விழுந்தவன் எழுந்திரிக்க வழி இருக்கணும். நோக்கம் அவ்வளவுதான், நல்ல நோக்கம்தான்.

சிக்கல் அதுக்கு மேல வச்ச இன்னொரு அடுக்குல ஆரம்பிக்குது.

1993ல முன்னுரிமைத் தேர்வுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஒரு சீசன்ல 5 மேட்ச் இல்லாட்டி அதுக்கும் குறைவா ஜெயிச்சா, வழக்கமான முதல் தேர்வோட சேர்த்து, முதல் சுற்று தொடங்குறதுக்கு முன்னாடியே இன்னொரு வீரரை எடுத்துக்கலாம். 2006ல இருந்து இதைக் கொஞ்சம் இறுக்கினாங்க: வெற்றி 4க்கு மேல போகக் கூடாது, தொடர்ந்து ரெண்டு வருஷம் அப்படி மோசமா ஆடியிருந்தாத்தான் சுற்றுக்கு முன்னாடி கிடைக்கும், ஒரு வருஷம்னா சுற்று முடிஞ்சதும் கிடைக்கும்.

இது சின்ன விஷயம் இல்ல. ஹாதார்ன் கிளப் 2004ல இந்த முன்னுரிமைத் தேர்வுல ஜாரிட் ரஃப்ஹெட்டை எடுத்தாங்க. அடுத்து 5ஆவது இடத்துல லான்ஸ் ஃபிராங்க்ளின். 7ஆவது இடத்துல ஜோர்டன் லூயிஸ். ஒரே டிராஃப்ட்ல மூணு பேர். 2008ல கோப்பை. காலிங்வுட் 2005ல அதே வழியில டேல் தாமஸை எடுத்தாங்க, தொடர்ந்து 5ஆவதா ஸ்காட் பென்டில்பரி. 2010ல கோப்பை. மத்த கிளப் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வருஷம் 8 மேட்ச், 9 மேட்ச்னு முட்டி மோதி ஜெயிக்கிற கிளப்புக்கு ஒண்ணும் கிடையாது. ஒரே வருஷம் தரையில விழுந்து கிடந்தவங்களுக்குக் கோப்பைக்கான அடித்தளம்.

அதனாலதான் 4 வெற்றிங்கிற எண் ஒரு பேய் மாதிரி எல்லா கிளப்பையும் சுத்திச்சு. 2007 கடைசிச் சுற்றுல கார்ல்டனும் மெல்பர்னும் மோதின மேட்சுக்கு ரசிகர்கள் வச்ச பேரே ‘க்ரூஸர் கோப்பை’. மாத்யூ க்ரூஸர்ங்கிற பையன்தான் அந்த வருஷ டிராஃப்ட்ல பெரிய பேர். கார்ல்டன் தோத்துச்சு. க்ரூஸர் கார்ல்டனுக்குப் போனார்.

இப்ப 2009க்குத் திரும்ப வருவோம். மெல்பர்னுக்கு முதல் ரெண்டு தேர்வுமே கிடைச்சுது. ஒண்ணாவது டாம் ஸ்கல்லி. ரெண்டாவது ஜாக் ட்ரெங்கோவ். மூணாவது தேர்வு ரிச்மண்ட் கையில, அதாவது அந்தக் கடைசி உதையில ஜெயிச்ச அதே ரிச்மண்ட். அவங்க எடுத்த பையன் டஸ்டின் மார்ட்டின்.

[திரையில்: மூணு பேரோட படம், வரிசையா]

ஸ்கல்லி ரெண்டே சீசன் ஆடிட்டு, புதுசா வந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போயிட்டார். ட்ரெங்கோவை 20 வயசுல இணைக் கேப்டன் ஆக்கினாங்க. தோத்துக்கிட்டே இருக்கிற ஒரு டீமை 20 வயசுப் பையன் தோள்ல தூக்கி வச்சாங்க. அப்புறம் பாதத்துல காயம், வருஷக்கணக்கா வெளியில. டஸ்டின் மார்ட்டின் ரிச்மண்டுக்கு 2017, 2019, 2020ன்னு மூணு கோப்பை வாங்கிக் கொடுத்தார். மூணு இறுதிப் போட்டியிலயும் சிறந்த வீரர் பதக்கம் அவருக்குத்தான். முதல் ரெண்டு தேர்வையும் கையில வச்சிருந்த கிளப்புக்கு 2013ல ரெண்டே ரெண்டு வெற்றி.

2009ல மெல்பர்ன் வேணும்னே தோத்துச்சான்னு லீக் ஒரு விசாரணை நடத்துச்சு, அதே 2013 பிப்ரவரியில அதோட முடிவும் வந்துச்சு. மெல்பர்ன் வேணும்னே மேட்சைத் தோத்ததா லீக் சொல்லல. ஆனா 2009ல நடந்துக்கிட்ட விதத்துக்காக கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அப்போதைய பயிற்சியாளருக்கும் நிர்வாகி ஒருத்தருக்கும் தடை.

என்னைப் பொறுத்தவரை இதுல ரொம்பப் பாவம் ரசிகன்தான். அவன் எந்தத் திட்டமும் போடல. மழையில, குளிர்ல, கழுத்துல கிளப் மப்ளரைச் சுத்திக்கிட்டு, பிள்ளையைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் உட்கார்ந்தவன். “அப்பா, நாம ஜெயிக்கணுமா வேண்டாமா?”ன்னு பிள்ளை கேட்டா அவன் என்ன பதில் சொல்லுவான்?

சரி, அந்த விதி போயிடுச்சே, இப்ப என்ன கோபம்?

2012ல இருந்து தானா கிடைக்கிற முன்னுரிமைத் தேர்வு கிடையாது. கிளப் விண்ணப்பம் போடணும், ஏ.எஃப்.எல். கமிஷன் உட்கார்ந்து முடிவு பண்ணும். வேணும்னே தோக்குற ஆசை குறையும்னு பார்த்தாங்க. அது ஓரளவு குறைஞ்சுது. ஆனா, இத்தனை வெற்றிக்குக் கீழ போனா இவ்வளவு உதவின்னு இருந்த கோடும் சேர்ந்து அழிஞ்சுது. அன்னைக்கு ரசிகன் விதியைத் திட்டினான். இன்னைக்குத் திட்டக்கூட ஒரு விதி இல்ல.

நடந்ததைப் பாருங்க. 2013ல மெல்பர்ன் கேட்டுச்சு, இல்லைன்னுட்டாங்க. 2016ல பிரிஸ்பேனுக்கு முதல் சுற்று முடிவுல ஒரு தேர்வு. 2018ல கார்ல்டனுக்கும் கோல்ட் கோஸ்டுக்கும் மாநில லீக் வீரர்களை டிராஃப்டுக்கு முன்னாடியே சேர்த்துக்க அனுமதி. 2019ல கோல்ட் கோஸ்டுக்கு முதல் தேர்வே கூடுதலா, அதோட இன்னும் பல சலுகை. 2022ல நார்த் மெல்பர்னுக்குச் சில தேர்வுகள், ஆனா அதை வச்சு டிராஃப்ட்ல யாரையும் எடுக்கக் கூடாது, வேற கிளப்புக்குக் கொடுத்து வளர்ந்த வீரரை வாங்கணும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மருந்து. எந்த அளவுகோல்னு வெளியில நிக்கிறவனுக்குப் புரியாது.

ரேஷன் கடை வரிசையில நிக்கிறோம்னு வச்சுக்குங்க. முன்னால ஒருத்தருக்கு உடம்பு முடியல, அவரை முதல்ல விடுறாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா உள்ளே இருந்து ஒரு சீட்டு வருது, அந்தச் சீட்டுக்கு ஒருத்தர் முன்னால போறார், ஏன்னு யாரும் சொல்லல. அப்ப வரிசை சும்மா இருக்குமா? டிராஃப்டும் வரிசைதான். 18க்கும் 19க்கும் நடுவுல மூணு பேரைச் சொருகினா, 25ஆவதா நின்ன கிளப் 28 ஆயிடும்.

இதுல இன்னொரு வாசலும் இருக்கு. ஒப்பந்தம் முடிஞ்ச வீரர் ஒருத்தர் கிளப்பை விட்டுப் போனா, இழந்த கிளப்புக்கு லீக் ஒரு தேர்வை ஈடா கொடுக்கும். அதோட இடம் போனவரோட புது ஒப்பந்தத்தையும், இழந்த கிளப் புள்ளிப் பட்டியல்ல எங்க இருக்குங்கிறதையும் பொறுத்தது. 2014ல ஜேம்ஸ் ஃப்ராலி போனதுக்கு மெல்பர்னுக்கு 3ஆவது தேர்வு கிடைச்சுது. 2023ல பென் மக்கே போனதுக்கு நார்த் மெல்பர்னுக்கும் 3ஆவது தேர்வு. ரெண்டு பேருமே நல்ல தற்காப்பு வீரர்கள். ஆனா நாட்டுலயே மூணாவது சிறந்த இளம் வீரருக்குச் சமமான்னு கேட்டா, அவங்க சொந்த ரசிகர்களே யோசிப்பாங்க. அந்த 2023லயே, இது போதாதுன்னு நார்த்துக்கு முதல் சுற்று முடிவுல மூணு கூடுதல் தேர்வையும் லீக் கொடுத்துச்சு. மத்த கிளப் ரசிகர்கள் கொதிச்சதுல தப்பே இல்ல.

ஆனா நார்த் மெல்பர்ன் ரசிகன் பக்கமும் நின்னு பார்க்கணும். 2021ல இருந்து 2024 வரைக்கும் நாலு சீசன், 90 மேட்ச். ஜெயிச்சது 12. இந்த கிளப்பை 2007ல கோல்ட் கோஸ்ட்ங்கிற ஊருக்கே மாத்தப் பார்த்தாங்க, மாட்டோம்னு நின்னு தன் தெருவுலயே இருந்த கிளப். பணக்கார கிளப் இல்ல. சலுகை சலுகைன்னு ஊரே பேசுறப்ப அவனுக்குப் பிச்சை வாங்கின மாதிரி இருக்கு. சரி, வாங்கினதாவது பலன் கொடுத்துச்சா?

2021ல முதல் தேர்வு ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ். அடிலெய்ட் பையன். ஒரே சீசன், திரும்ப ஊருக்கே, போர்ட் அடிலெய்டுக்குப் போயிட்டார். அந்தப் பரிமாற்றத்துல கிடைச்ச தேர்வுகளை வச்சு 2022ல 3ஆவதா ஹாரி ஷீஸல், 4ஆவதா ஜார்ஜ் வார்ட்லா. 2023ல 2ஆவதா கோல்பி மக்கெர்ச்சர், 4ஆவதா ஸேன் டூர்ஸ்மா. மூணு டிராஃப்ட்ல, முதல் நாலு இடத்துக்குள்ள அஞ்சு பசங்க. ஷீஸல் முதல் வருஷமே லீக்கோட சிறந்த இளம் வீரர் விருது வாங்கினார். எல்லாம் இருந்தும் 2024ல வெற்றி 3.

எனக்கு இதுலதான் விஷயம் பிடிபடுது. பசங்களைக் கொடுக்கிறது உதவி இல்ல, உதவியோட ஆரம்பம். 18 வயசுப் பையனுக்குப் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்க 28 வயசு ஆள் வேணும், பயிற்சியாளர் வேணும், ஊரை விட்டு வந்தவனோட பேச ஒருத்தர் வேணும். ஆனா பயிற்சியாளர் குழுவுக்குச் செலவு பண்றதுக்கும் லீக் ஒரு வரம்பு வச்சிருக்கு. 2020 கொரோனா சமயத்துல அதையும் பலமா வெட்டினாங்க. பசங்களா நிறைஞ்ச கிளப்புக்கு நாலு பயிற்சியாளர் கூடுதலா வச்சுக்கோன்னு வரம்பைத் தளர்த்தினா யாரோட வரிசையும் பின்னால போகாது.

மெல்பர்னையே பாருங்க. 2013ல தேர்வு தர மறுத்த லீக், புது நிர்வாகியைக் கொண்டு வர உதவிச்சு, பால் ரூஸ்ங்கிற பெரிய பயிற்சியாளரைக் கொண்டு வரப் பண உதவியும் பண்ணுச்சு. அதுக்கு அப்புறம் எடுத்த பசங்க தங்கினாங்க, வளர்ந்தாங்க. 2021ல 57 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை. கோல்ட் கோஸ்ட் கதையும் அப்படித்தான். 2019ல எடுத்த மேட் ரவலும் நோவா ஆண்டர்சனும் கிளப்பை விட்டுப் போகல. மூணு கோப்பை ஜெயிச்ச டேமியன் ஹார்ட்விக் பயிற்சியாளரா வந்தார். சொந்த அகாடமியில இருந்தும் வரிசையா பசங்க வந்தாங்க. இருந்தும் முதல் இறுதிச் சுற்றைப் பார்க்க 2025 ஆச்சு.

கொடுக்கிறதுன்னா சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க: ரெண்டு மூணு வருஷச் சராசரி இதுக்குக் கீழ போனா இந்த உதவி. ஒரே மேட்ச் முடிவுல மாறாத மாதிரி அமைங்க. ரசிகன் கேட்கிறது இவ்வளவுதான்.

[திரையில்: ஹோபார்ட், 2023, கடைசிச் சுற்று]

இதையும் சொல்லிடுறேன். 2023 சீசனை நார்த் மெல்பர்ன் ரெண்டு வெற்றியோட தொடங்குச்சு. அதுக்கு அப்புறம் தொடர்ந்து 20 தோல்வி. கடைசி மேட்ச் ஹோபார்ட்ல, கோல்ட் கோஸ்ட்டோட. தோத்தா கடைசி இடம் உறுதி, முதல் தேர்வு உறுதி. அந்த வருஷ முதல் தேர்வுன்னா ஹார்லி ரீட். டிராஃப்டுக்கு ஒரு வருஷம் முன்னாடியே எல்லாரும் பேச ஆரம்பிச்ச பையன்.

நார்த் ஜெயிச்சுது, 35 புள்ளி வித்தியாசத்துல. கடைசி இடம் வெஸ்ட் கோஸ்டுக்குப் போச்சு, ஹார்லி ரீட்டும் அவங்களுக்கே போனார்.

ஜெயிச்ச டீம் உள்ளே போய் வட்டமா நின்னு, தோள்ல கை போட்டு கிளப் பாட்டைக் கத்திப் பாடுறது அங்க வழக்கம். நார்த் பசங்க அந்தப் பாட்டைப் பாடி அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு.