தெருவில் நடக்க ஒரு தீர்மானம்

நேயர்களுக்கு வணக்கம். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் இரட்டைமலை சீனிவாசன். தேர்தலில் நின்று வென்றவர் அல்லர் அவர். 1923-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராக வந்தார். அப்போதே வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

மதுராந்தகம் பக்கம் கோழியாளம் அவருடைய ஊர். கோயம்புத்தூரில் படித்தார், நீலகிரியில் கணக்கர் வேலை பார்த்தார். 1890-இல் சென்னைக்கு வந்தவர், அடுத்த ஆண்டே பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-இல் ‘பறையன்’ பத்திரிகை. அந்தக் காலத்தில் அந்தப் பெயரை முகப்பில் அச்சிட்டு விற்கத் தனித் துணிச்சல் வேண்டும். அப்புறம் இங்கிலாந்துக்குக் கிளம்பியவர் ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத்தான் ஊர் திரும்பினார்.

சரி, சட்டமன்றத்தில் என்ன செய்தார்? 1924-இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், யாரும் தடுக்கக் கூடாது. அரசு அலுவலகம், பொதுக் கிணறு, குளம் என்று சாதி இந்துக்கள் எங்கெல்லாம் போகிறார்களோ, அங்கெல்லாம் ஒடுக்கப்பட்டவர்களும் போகலாம். கேட்டது இவ்வளவுதான். தெருவில் நடப்பதற்கு மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். நாம் சொல்லாமலும் இருந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம். அதே 1924-இல் திருவிதாங்கூரில் நடந்த வைக்கம் போராட்டம் எல்லோருக்கும் தெரியும். இந்தத் தீர்மானம் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடப்புத்தகத்தில் வைக்கத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பரில் அரசாணையும் வந்தது. ஆனால் மீறினால் தண்டனை என்று அதில் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டில், கல்பாத்தி அக்கிரகாரத் தெருவுக்குள் போன, தீண்டாமைக்கு ஆளான ஈழவ சாதி மக்கள் தாக்கப்பட்டார்கள். அரசாணை கையில் இருந்தும் அடி விழுந்தது. தடுப்பவருக்குத் தண்டனை வேண்டும் என்று சட்டத் திருத்தத்துக்காக மன்றத்தில் போராடியவர் ஆர். வீரையன். அவரும் நியமன உறுப்பினர்தான். சீனிவாசன் பேச்சு வரும்போதெல்லாம் வீரையனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒருவர் திறந்த கதவை யாரும் தாழிட முடியாதபடி மற்றவர் செய்யப் பார்த்தார்.

நியமன உறுப்பினர் என்றால் அரசு சொன்னதற்குத் தலையாட்டுபவர் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. சீனிவாசனுக்குப் பின்னால் வாக்காளர் கூட்டமும் இல்லை, மன்றத்தில் பெரிய கட்சியும் இல்லை. பெரும்பாலும் சாதி இந்துக்களே உட்கார்ந்திருந்த மன்றம் அது. அவர்கள் முன்னால் எழுந்து, எங்கள் வரிப்பணமும் சேர்ந்த தெருவில் எங்களை நடக்கவிடுங்கள் என்று கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசன். அம்பேத்கருக்கு அப்போது 39 வயது. எழுபதைத் தொட்டிருந்த சீனிவாசன், 1932-இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சட்டமன்றங்களில் இடம் ஒதுக்கிய பூனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார். அவருடைய மணிமண்டபம் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போகிற நேயர்கள் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.