மருந்துக் கடை அலமாரியும் பாறு கழுகும்

நேயர்களுக்கு வணக்கம். "பல்லுயிர்ப் பாதுகாப்பில் வணிகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன பங்கு?" என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. வகுப்பறையாக இருந்தால் கரும்பலகையில் இரண்டு கோடு கிழித்து, தேவை, அளிப்பு என்று ஆரம்பித்திருப்பேன். வானொலியில் கோடு கிழிக்க முடியாது. அது உங்கள் அதிர்ஷ்டம். அதனால் ஒரு பறவையை எடுத்துக்கொள்கிறேன். நேரம் இருந்தால் அப்புறம் ஒரு செடி, அதன் பிறகு உலக அளவிலான கணக்கு.

பறவையின் பெயர் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்றால் உடனே புரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போடும் பொட்டலில், தலையிலும் கழுத்திலும் இறகே இல்லாமல், தோளைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகில்லைதான். திருக்கழுக்குன்றம் போனவர்கள் வேறொரு வகையைப் பார்த்திருப்பீர்கள். மலை மேலே உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து தின்றுவிட்டுப் போகும். அது மஞ்சள்முகப் பாறு. தொண்ணூறுகளின் கடைசியோடு அந்த வரவும் நின்றுபோனது. அந்த இரண்டும் ஏன் வருவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே பத்தாண்டுகளில் நாடு முழுக்கப் பாறுகளுக்கு என்ன ஆனது என்பது ஆராய்ந்து கண்ட விஷயம்.

ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் தொண்ணூறுகளில் முதலில் கவனித்தார். மரங்களில் பாறுகள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கின்றன, பிறகு கீழே விழுந்து கிடக்கின்றன. கூடுகள் காலி. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துபோனது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் பலர் நினைத்தார்கள். 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு விஷயத்தை உடைத்தது. செத்த பறவைகளின் சிறுநீரகம் கெட்டிருந்தது. உள்ளே டைக்ளோஃபினாக் இருந்தது.

ஆமாம், நமக்கு முதுகுவலி, மூட்டுவலி என்றால் போடுகிற அதே டைக்ளோஃபினாக். மாட்டுக்குப் போடுவார்கள். மாடு பிழைக்காமல் செத்தால் அந்த உடலைப் பாறு தின்னும். தின்ற பாறு சில நாளில் சாகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யாரும் பாறுவைக் கொல்ல நினைக்கவில்லை. வேட்டை இல்லை, காட்டை அழிக்கவில்லை. மடிநோய் வந்த மாட்டுக்கு வலி குறைய வேண்டும், பால் நிற்கக் கூடாது என்று விவசாயி நினைத்தார். அவர் கணக்கு சரி. காப்புரிமை முடிந்த மருந்தை மலிவாகத் தயாரித்து விற்றால் ஓடும் என்று கம்பெனி நினைத்தது. அதன் கணக்கும் சரி. வேகமாகக் கேட்கிற மருந்தைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். எல்லார் கணக்கும் சரியாக இருந்தது, பாறு மட்டும் எவர் கணக்கிலும் இல்லை. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில்கூட வேண்டாம், அதற்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே போதும், பாறு இனம் சரிந்துவிடும் என்று பிற்பாடு கணித்தார்கள்.

பாறு எவர் கணக்கிலும் இல்லை என்றேன் அல்லவா? அதைப் புத்தகத்தில் படித்ததைவிட நன்றாக எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு தோல் வியாபாரி. சத்தியமங்கலம் பக்கம் புளியம்பட்டி மாட்டுச் சந்தைக்கு மாணவர்களை விலை விசாரிக்க அழைத்துப்போயிருந்தேன். வியாழக்கிழமை சந்தை. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து மாணவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், தோல் வாங்கி மண்டிக்கு அனுப்புகிறவர். என்ன பாடம் நடத்துகிறேன் என்று கேட்டார். பொருளாதாரம் என்றேன். "அப்ப கழுகுக் கணக்கு தெரியுமுங்களா?" என்றார்.

தெரியாது என்றேன். அவர் சொன்னார். மாடு செத்தால் விடிவதற்குள் தோலை உரித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் தோல் கெடும். அந்த வேலையை யார் தலையில் கட்டி வைத்திருந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது தனிப் பேச்சு. தோலை உரித்ததும் உடலை அப்படியே பொட்டலில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறி, காற்று சூடாகி மேலே எழும்பும்போது கழுகுகள் வட்டமிடும். பெருங்கூட்டமாக இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் முழு மாடும் வெறும் எலும்பு. கொஞ்ச நாளில் சைக்கிளில் சாக்குடன் எலும்பு பொறுக்குகிறவர் வருவார். வெயிலில் காய்ந்து வெளுத்த எலும்பு, ஒட்டுச் சதை இல்லாதது. எலும்பு மில்லில் அதற்குத்தான் நல்ல விலை. மில்லில் இருந்து உரத்துக்குப் போகும், ஜெலட்டின் செய்யப் போகும். நீங்கள் இன்று காலையில் முழுங்கிய கேப்சூல் மாத்திரையின் மேலுறை இருக்கிறதே, அது பெரும்பாலும் ஜெலட்டின்தான்!

"கழுகு போச்சுங்க, எலும்புல சதை ஒட்டிக்கிட்டு அழுகுச்சு. நாய் இழுத்துட்டுப் போயி வாய்க்கால்ல போட்டுச்சு. மில்லுக்காரன் பாதி வெலைக்குக் கேட்டான். பஞ்சாயத்துல குழி வெட்டிப் பொதைக்கச் சொன்னாங்க. குழிக்குக் கூலி யாரு குடுப்பா?" என்று கேட்டுவிட்டு, டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார்: "கூலி கேக்காத ஆளு இருக்கற வரைக்கும் அவன் கூலி என்னன்னு யாருக்குங்க தெரியும்?"

இரண்டு வருடப் பாடத்தை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டார். அதன் பிறகு பல மேடைகளில் இதைச் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் யாராவது இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூலி எவ்வளவு என்று பொருளாதார அறிஞர்கள் பிறகு கணக்குப் போட்டார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாடும் எருமையும் சேர்ந்து 30 கோடிக்கு மேல். அத்தனையும் ஒரு நாள் சாகும். யாராவது அப்புறப்படுத்த வேண்டும். பாறு போன இடத்துக்கு நாய் வந்தது. 2008-இல் அனில் மார்க்கண்டேயாவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். பாறுகள் அழிந்ததால் தெருநாய்கள் சுமார் 55 லட்சம் கூடின, வெறிநாய்க்கடிச் சாவுகள் பெருகின, 1993 முதல் 2006 வரை நாட்டுக்குச் சுமார் 3,400 கோடி டாலர் இழப்பு என்றார்கள். 2024-இல் இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இருவர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். முன்பு பாறு நிறைய வாழ்ந்த மாவட்டங்கள், வாழாத மாவட்டங்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். பாறு போன பிறகு முதல் வகை மாவட்டங்களில் மட்டும் மனிதச் சாவு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. நாய்க்கடி மட்டும் இல்லை, அழுகிய உடல்கள் தண்ணீரைக் கெடுத்ததும் காரணம். 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. ஆண்டுக்கு 6,940 கோடி டாலர் சேதம்.

இதில் என்னைத் தூங்கவிடாத இடம் ஒன்று உண்டு. நாய்க்கடி ஊசி விற்றால் அது நாட்டு வருமானத்தில் ஏறும். குழி வெட்டும் இயந்திரம் வாங்கினால் அதுவும் ஏறும். மும்பையில் பார்சி மக்கள் இறந்தவர் உடலைப் பாறுகளுக்கு விடுவது வழக்கம்; பாறு இல்லாததால் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைத்தார்கள். அந்தச் செலவும் கணக்கில் ஏறும். பாறு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தபோது கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை. பாறு செத்ததால் நாம் காகிதத்தில் கொஞ்சம் பணக்காரர்கள் ஆகியிருக்கிறோம்!

சரி, என்ன செய்தார்கள்? அடுத்து வருவதற்காகத்தான் இந்தப் பறவையையே எடுத்தேன். 2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று அரசு தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் கடையில் இருந்தது. எந்த வடிவில் இருந்தது தெரியுமா? 30 மில்லி பாட்டிலில். ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் பாட்டில். ஊசியைக் குத்திக் குத்தி வேண்டியதை இழுத்துக்கொள்ளலாம். மனிதனுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். அப்புறம் 30 மில்லி யாருக்கு? லேபிள் மனிதனுக்கு, உள்ளே இருந்த அளவு மாட்டுக்கு. தடை காகிதத்தில் இருந்தது, பாட்டில் அலமாரியில் இருந்தது.

2015-இல் அரசு பாட்டிலைக் குறி வைத்தது. ஊசி மருந்தாக விற்கும் டைக்ளோஃபினாக் இனி ஒரு தடவைக்கான அளவில் மட்டுமே வர வேண்டும் என்று உத்தரவு. இப்போது ஒரு மாட்டுக்குப் போட வேண்டுமென்றால் ஆம்பூல் என்கிற ஒரு தடவைக்கான கண்ணாடிக் குப்பிகள் நாலைந்தை ஒவ்வொன்றாகக் கழுத்தை உடைத்து இழுக்க வேண்டும். விலையும் கூடும், எரிச்சலும் கூடும். மருந்துக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017-இல் நீதிமன்றம் தடை செல்லும் என்றது.

மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் இன்று சொல்ல வந்தேன். முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டில் பாறுகள் இன்னும் கூடு கட்டி வாழ்கின்றன. அங்கே வனக்காவலர் எவ்வளவு காவல் காத்தாலும், அந்தப் பறவையின் விதி காட்டில் எழுதப்படவில்லை. மருந்துக் கடை அலமாரியில் எந்த அளவு பாட்டில், என்ன விலையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. பள்ளியில் ஓவியப் போட்டி வைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குச் செலவாகும் மூளையில் கால்வாசி பாட்டில் அளவைப் பற்றி யோசித்திருந்தால் ஒன்பது வருடம் வீணாகியிருக்காது.

மாற்று மருந்தும் வேண்டும். மாட்டின் வலியை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளுக்குக் கேடில்லை என்று 2006-இலேயே தெரிந்துவிட்டது. ஆரம்பத்தில் விலை கூடுதல், பலர் தயாரிக்கத் தொடங்கியதும் இறங்கியது. டோல்ஃபினாமிக் அமிலம் என்று இன்னொன்றும் இருக்கிறது. ஆனால் சந்தை சும்மா இருப்பதில்லை. டைக்ளோஃபினாக்கைத் தடுத்தால் அசிக்ளோஃபினாக் வந்தது. அது மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறும். கீட்டோபுரோஃபன் வந்தது, அதுவும் பாறுவைக் கொல்லும். இந்த இரண்டையும் கால்நடைக்குத் தடுக்க 2023 ஆனது. மாடு வைத்திருக்கும் நேயர்கள், தயவுசெய்து கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். பெயரை இன்னொரு தடவை சொல்கிறேன்: மெலாக்சிகாம்.

இதற்கு மேல் எல்லா உயிருக்கும் பணத்தில் விலை போடலாமா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பாறு செய்த வேலை பெரியது, அதனால் கணக்குப் போட முடிந்தது. மாயாறு கரையில் யாருக்கும் பயன்படாத ஒரு வண்டு இருந்தால் அதன் மதிப்பு பூஜ்யம் என்று ஆகிவிடக் கூடாது. விலை தெரிந்தால் அதிகாரிகளோடு வாதாடலாம், அவ்வளவுதான்.

நேரம் குறைவு என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். செடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகத்தியமலையில் காணி மக்கள் வாழ்கிறார்கள், கேரளத்திலும் நம் பக்கத்திலும். 1987-இல் அங்கே ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் மலையேறிக் களைத்துவிட்டார்கள்; வழிகாட்டிய காணிகள் ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. அதன் இலையிலிருந்து, கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம், விற்பனையில் 2 சதவீதம், அதில் பாதி காணிகளுக்கு. 1997-இல் காணிகளுக்கென்று அறக்கட்டளை பதிவானது. நம் நாட்டில் பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002-இல்தான், அதற்கு முன்பே இது நடந்தது. உலகமே பாராட்டியது. ஆனால் பணத்தைப் பிரிக்க ஒப்பந்தம் போட்டவர்கள் இலையைப் பறிக்க வழி செய்யவில்லை. செடி அழிந்துவிடும் என்று வனத்துறை கவலைப்பட்டது, இலை வரத்து தடைபட்டது, ஏற்பாடு நீடிக்கவில்லை. அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. பாபநாசம் பக்கத்துக் காணிகள் அதில் இல்லை. இதை விரிவாகப் பேச ஆசைதான்.

மூன்றாவது, உலகக் கணக்கு. பிரிட்டன் நிதியமைச்சகம் கேட்டு, பார்த்தா தாஸ்குப்தா என்ற பொருளாதார அறிஞர் 2021-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து ஒன்றை மட்டும் படித்துவிடுகிறேன். 1992 முதல் 2014 வரை உலகில் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் சாலை, கட்டடம், இயந்திரம் ஆகியவற்றின் மதிப்பு இரண்டு மடங்கானது. இயற்கைச் செல்வம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. விளக்க நேரமில்லை. நன்றி, வணக்கம்.