பெயரோடுதான் ஆடினார்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, தங்கச்சியே, இந்தக் குளிரிலும் ஸ்காபரோ மண்டபத்தை நிரப்பி உட்கார்ந்திருக்கும் உறவுகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"கனேடிய உதைபந்தாட்டத்தை இனப் பெயர் தாங்கிய கழகங்கள் வளர்த்தனவா, பிரித்தனவா?" இதுதான் இன்றைய தலைப்பு. பிரித்தன என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். அதற்கு அவர் எடுத்த சாட்சி, ஒன்ராறியோவில் ஆடிவந்த கனேடியன் சொக்கர் லீக்கின் 2006ஆம் ஆண்டுப் பருவம். அந்த வருடம் லீக்கை இரண்டாக்கி, சேர்பியர், குரோவேசியர், இத்தாலியர், போர்த்துக்கேயர் கழகங்களைச் சர்வதேசப் பிரிவு என்று தனியாக வைத்தார்கள். "சொந்த நாட்டு லீக்கில் சர்வதேசம் எதற்கு? இவர்கள் கனேடியர் இல்லையா?" என்று கேட்டார். நல்ல கைதட்டல் கிடைத்தது.

ஐயா, அந்தப் பருவத்தைப் பற்றியே நானும் பேசுகிறேன். சேர்பியன் வைற் ஈகிள்ஸ் 1968இல் தொடங்கிய கழகம். 1974இல், இந்த லீக்கின் முன்னோடியான தேசிய சொக்கர் லீக்கின் சம்பியன். 1980இல் அந்த லீக்கை விட்டு ஒதுங்கியவர்கள், கால் நூற்றாண்டு கழித்து 2006இல்தான் திரும்பி வந்தார்கள். வரும்போது பயிற்றுநராகக் கூட்டி வந்தது ஷெகுலாராட்ஸை. 1960 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவுக்காக ஆடியவர், 1962 உலகக் கிண்ணத்தில் நாலாம் இடம் பெற்ற அணியில் இருந்தவர். அப்படி ஒரு மனிதர் ரொறன்ரோவின் ஈற்றோபிக்கோவில் ஒரு நகரசபைப் பூங்கா மைதானத்தின் ஓரத்தில் நின்றார். அழைத்து வந்தது எந்த நிறுவனமும் இல்லை. "நம்முடைய கழகம்" என்ற ஒரு சொல் அழைத்து வந்தது. அந்த வருட இறுதியாட்டத்தில் வைற் ஈகிள்ஸை வென்றது இத்தாலியா ஷூட்டர்ஸ். அடுத்த வருடம் அதே வைற் ஈகிள்ஸை வென்று கிண்ணம் எடுத்தது ரொறன்ரோ குரோவேசியா. மூன்றாம் வருடம், 2008இல், வைற் ஈகிள்ஸின் கையிலேயே கிண்ணம். மூன்று வருடம், மூன்று சமூகம், ஒரே கிண்ணம். பிரித்தது என்று சொல்லப்படும் லீக்கில் எல்லாரும் ஓடியது ஒரே கிண்ணத்துக்குப் பின்னால்தான்.

அதே அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: சேர்பியரும் குரோவேசியரும் மோதும் நாளில் பொலிஸ் நிற்க வேண்டியிருந்தது என்று. உண்மை. நான் மறைக்க மாட்டேன், நானும் அங்கே இருந்தேன்.

அப்போது நான் றெக்ஸ்டேலில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை. என்னோடு லேத் மெஷினில் நின்றவர் ஒரு சேர்பியப் பெரியவர். அவர்தான் ஒருநாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு சென்ரெனியல் பூங்கா மைதானத்துக்குப் போனார். ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே போய்விட்டோம். ஏன் இவ்வளவு வெள்ளன என்று கேட்டேன். டிக்கியைத் திறந்தார். உள்ளே மூலைக் கொடிகள் நாலு, வலை ஒரு மூட்டை, ஒரு பெரிய தகரப் பிஸ்கட் பெட்டி. கொடிகளை நட்டார். வலையைக் கொளுவும்போது மேல் கம்பிக்கு எட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பிறகு வாசலில் மேசை போட்டு அந்தப் பிஸ்கட் பெட்டியைத் திறந்து வைத்தார். நுழைவுக் காசு அதற்குள்தான் விழுந்தது. மத்தியஸ்தருக்குக் கொடுக்க வேண்டிய காசும் அதிலிருந்துதான் எடுக்கப்பட்டது. பின்பக்கம் ஒரு அம்மா கரி அடுப்பில் செவாப்பி சுட்டுக்கொண்டிருந்தார், விரல் நீளத்தில் இறைச்சி. அந்த வருமானம் பொடியன்களின் சப்பாத்துக்கு.

பொலிஸ் நின்றது. இரண்டு பக்கத்திலும் பாட்டு, கத்தல், வாய்ச் சண்டை. தொண்ணூறுகளில் யூகோஸ்லாவியா உடைந்தபோது ஊரில் போர் பார்த்த சனம் ஐயா அது. ஒருத்தரை ஒருத்தர் துவக்கோடு பார்த்தவர்களும் அந்தப் படிகளில் இருந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் விளையாட்டு வீரர்கள் வரிசையில் நின்று கை கொடுத்தார்கள். இரவு அந்தப் பெரியவர் கொடிகளைக் கழற்றும்போது குரோவேசியா பக்கத்திலிருந்து ஒரு மனிதர் வந்து வலையின் மறு முனையை அவிழ்த்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வலையை மடித்து முடித்தார்கள், அவ்வளவுதான். பேசாமல் ஒரு வலையை இரண்டு பேர் மடிக்கிற இடம் ஒன்றை அந்த லீக் வைத்திருந்தது. அதைப் பிரிவினை என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, பெயருக்கு வருகிறேன். எதிரணியின் வழக்கு முழுவதும் பெயரில்தான் நிற்கிறது. "கனடாவுக்கு வந்த பிறகு கனேடியப் பெயர் வைத்தால் என்ன?" என்று தங்கச்சி கேட்டார்.

1926இல் தேசிய சொக்கர் லீக் தொடங்கிய காலத்தில் ரொறன்ரோவின் பெரிய கழகங்களின் பெயர் என்ன தெரியுமா? ரொறன்ரோ ஸ்கொட்டிஷ். அல்ஸ்ரர் யுனைற்றெட். ஸ்கொட்டிஷ் 1921இல் தேசியச் சம்பியன், அல்ஸ்ரர் யுனைற்றெட் 1925இல். ஸ்கொட்லாந்தும், அயர்லாந்தின் வடக்கே உள்ள அல்ஸ்ரரும் ஒன்ராறியோவிலா இருக்கின்றன? கப்பலில் வந்து இறங்கிய மனிதர்கள் விட்டுவந்த ஊரின் பெயரைச் சட்டையில் போட்டு ஆடினார்கள். அவர்களை யாரும் இனக் கழகம் என்று சொல்லவில்லை. 1957இல் மொன்றியலின் உக்ரைனா தேசியச் சம்பியன் ஆனதும், 1969இல் வன்கூவர் இத்தாலியரின் கொலம்பஸ் சம்பியன் ஆனதும் அதே பாதையில்தான். பெயரின் ஓசை மாறியபோதுதான் சிலருக்கு அது பிரிவினையாகக் கேட்கத் தொடங்கியது.

இனி நான் சொல்லப்போவதை நடுவர் ஐயா தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். 1956இல் ரொறன்ரோவில் குரோவேசியர் ஒரு கழகம் தொடங்கினார்கள். அப்போது உலக வரைபடத்தில் குரோவேசியா என்று சுதந்திர நாடு கிடையாது. யூகோஸ்லாவியாவுக்குள் ஒரு குடியரசு. நாடு 1991இல்தான் வந்தது. முப்பத்தைந்து வருடம் அந்தச் சனம் தங்கள் நாட்டின் பெயரைத் தங்கள் விருப்பப்படி எழுதி வைத்திருந்த இடங்களில் ஒன்று, ரொறன்ரோவில் ஒரு உதைபந்தாட்டச் சட்டையின் நெஞ்சுப் பக்கம். இந்த மண்டபத்தில் இருக்கும் எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2012இல் குர்திஸ்தானில், ஃபிஃபாவில் சேராத அணிகளுக்காக நடந்த விவா உலகக் கிண்ணத்தில் தமிழீழம் என்ற பெயரில் ஒரு அணி இறங்கியபோது, புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அந்தச் சட்டையைப் போட்டபோது, நம் வீடுகளில் எத்தனை பேர் தூங்காமல் இருந்தோம்.

அந்தக் குரோவேசியக் கழகம் 1975இல் வட அமெரிக்க லீக்கில் ஆடிய ரொறன்ரோ மெற்றோஸுடன் சேர்ந்தது. மெற்றோஸ்-குரோவேசியா. லீக் நடத்தியவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. அடுத்த வருடம் 1976 ஓகஸ்ட் 28, சியாற்றில் நகரின் கிங்டோம் அரங்கில் இறுதியாட்டம், மினசோட்டா கிக்ஸுக்கு எதிராக. மூன்றுக்குப் பூச்சியம். ரொறன்ரோதான் சம்பியன். அதை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சி சிபிஎஸ், வர்ணனையில் குரோவேசியா என்ற சொல்லைத் தவிர்த்தது. ரொறன்ரோ, ரொறன்ரோ என்றே சொன்னார்கள். கிண்ணம் எடுத்தவனின் பெயரில் பாதியை வெட்டிவிட்டு வாழ்த்துச் சொல்வது எப்படிப்பட்ட வாழ்த்து?

சரி, அந்தக் "குரோவேசிய" அணியில் யார் ஆடினார்கள்? முதல் கோல் அடித்தவர் யூசேபியோ. மொசாம்பிக்கில் பிறந்த போர்த்துக்கேயர். மற்ற இரண்டில் ஒன்று லுகாசெவிச், அடுத்தது பிரேசிலின் இவைர். ரொறன்ரோவில் பிறந்த இத்தாலியப் பிள்ளை பொப் யருசி அந்த அணியில் இருந்தார், இத்தாலியில் பிறந்து இங்கே வளர்ந்த கார்மைன் மார்கன்ரோனியோ இருந்தார். கதவில் ஒரு பெயர் எழுதியிருந்தது, கதவு பூட்டியிருக்கவில்லை. பிரித்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இந்த ஒரு பட்டியலே பதில்.

1979இல் உரிமை கைமாறியது. குரோவேசியா என்ற சொல்லை எடுத்துவிட்டு ரொறன்ரோ பிளிசார்ட் என்று பெயர் வைத்தார்கள். எல்லாருக்கும் பொதுவான பெயர், பனிப்புயல். எதிரணி கேட்கிற பெயர் அதுதானே? 1984 பருவத்தோடு அந்த லீக்கே படுத்துவிட்டது. நாடு முழுவதுக்கும் என்று 1987இல் தொடங்கிய இன்னொரு லீக் 1992இல் முடிந்தது. பெயரைக் கைவிடாமல் உள்ளூர் லீக்குக்குத் திரும்பிய ரொறன்ரோ குரோவேசியா 2000, 2004, 2007, 2011, 2012 என்று கிண்ணம் எடுத்துக்கொண்டே போனது. ரொறன்ரோ எஃப்சி என்ற பெரிய தொழில்முறைக் கழகம் 2007இல் வரும்வரைக்கும் இந்த நகரத்தில் கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்களில் இந்தச் சிறு கழகங்கள் முன்னால் நின்றன. மே மாதம் நிலம் காய்ந்ததும் கோடு போட்டு, ஒக்ரோபரில் குளிர் வரும்வரை மைதானத்துக்குப் பெர்மிட் எடுத்து, வருடாந்த இராப்போசனத்தில் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்று, தேவாலய நிலவறையில் கூட்டம் வைத்து.

இரண்டு கறைகளை எதிரணி காட்டியது. இரண்டுக்கும் பதில் சொல்லாமல் போனால் அது நேர்மை இல்லை.

ஒன்று, சூதாட்டம். ஜேர்மனியின் போகும் நகர நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் 2009இல் இந்த லீக்கில் ஆடப்பட்ட ஒரு ஆட்டமும் வந்தது. காசு கொடுத்து முடிவு திருப்பப்பட்ட ஆட்டம். 2013இல் கனேடிய உதைபந்தாட்டச் சங்கம் லீக்கின் அங்கீகாரத்தை எடுத்தது. அவமானம்தான். எனக்கு அந்தச் செய்தி படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஐயா, சூதாடி வருவது வீரனுக்குச் சம்பளம் குறைந்த இடத்துக்கு, யாரும் கண் வைக்காத ஆட்டத்துக்கு. அதே வழக்கில் ஐரோப்பாவின் பல நாட்டு ஆட்டங்களும் இருந்தன. அங்கே எந்த இனப் பெயரைக் குற்றம் சொல்வது?

மற்றது, 2022 கட்டார் உலகக் கிண்ணம். குரோவேசியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நமது கோல் காப்பாளர் மிலான் போர்ஜானைக் குரோவேசிய ரசிகர்கள் கேவலப்படுத்தினார்கள். க்னின் நகரத்தில் பிறந்த சேர்பியர் அவர், 1995இல் சிறுபிள்ளையாகக் குடும்பத்தோடு அகதியாக ஓடியவர், பிறகு ஹமில்டனில் வளர்ந்தவர். அந்த ஓட்டத்தையே பதாகையில் எழுதிக் காட்டினார்கள். ஃபிஃபா அபராதம் போட்டது. தங்கச்சி இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது, எனக்கும்தான். ஆனால் அது நடந்தது எங்கே? உலகக் கிண்ண அரங்கில், இரண்டு நாட்டுத் தேசிய அணிகள் ஆடும்போது. ஈற்றோபிக்கோவில் இதே இரண்டு சமூகமும் அட்டவணை போட்டு, ஒரே மத்தியஸ்தருக்குக் காசு கொடுத்து, ஒரே வலைக்குக் கோல் அடித்தார்கள். வெறுப்பை இந்தக் கழகங்கள் உண்டாக்கவில்லை. கப்பலிலும் விமானத்திலும் கூடவே வந்த வெறுப்புக்குத் தொண்ணூறு நிமிடம் என்று ஒரு எல்லை போட்டுக் கொடுத்தன.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே ஒரு நிமிடம்.

மூன்றாம் தலைமுறைக்கு இந்தப் பெயர் எதற்கு என்று எதிரணியின் கடைசிக் கேள்வி. போன கோடையில் இங்கே ஸ்காபரோவில் பழைய மாணவர் சங்கங்களின் சுற்றுப்போட்டி. என் மகள் ஆடினாள். சட்டையில் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். அவள் அந்தப் பள்ளியை ஒருநாளும் பார்த்ததில்லை. மத்தியஸ்தராக வந்தவர் ஒரு போர்த்துக்கேயப் பெரியவர், நரைத்த தலை. ஆட்டம் தொடங்க முன்னம் அணித் தாளைக் கையில் எடுத்து, பள்ளியின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிழைத்தது. என் மகளைக் கூப்பிட்டு, சொல்லிக் கொடு என்றார். அவள் சொன்னாள். இவர் திருப்பிச் சொன்னார், மீண்டும் பிழை. அவள் சிரிக்கவில்லை, மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாம் முறை அவர் முழுப் பெயரையும் சரியாகச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து, விசில் ஊதினார்.

வணக்கம்.