மப்பும் மந்தாரமுமான நாட்களில்

எல்லாருக்கும் வணக்கம். இந்த அடைமழையிலும் குடையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி. ஐப்பசி பிறந்தால் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கமெல்லாம் வானம் மப்பும் மந்தாரமுமாகக் கிடக்கிறது, துணி காயவில்லை, சுவரில் ஓதம் ஏறுகிறது, மனசும் சேர்ந்து சோர்ந்து போகிறது. வெயில் வரட்டும், அப்புறம் வெளியே போகலாம் என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

நமக்காவது நடுவில் ஒரு நாள் வெயில் எட்டிப் பார்க்கும். நார்வேயில் ரியூகான் என்று ஓர் ஊர், ஒடுங்கிய மலைப் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் மார்ச் நடுவில்தான் மறுபடி ஊருக்குள் விழும். அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, வயலுக்குப் போடுகிற உரம் செய்வதற்காக எழுந்த ஊர் அது, ஆகவே குளிர்காலத்திலும் ஜனங்கள் அங்கேயே இருந்தாக வேண்டும். 1928இல் ஊர்க்காரர்கள் மலைமேல் போய் வெயில் காய்ந்துவிட்டு வரட்டும் என்று ரோப் கார் போட்டார்கள். 2013இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, அவை சூரியனோடு சேர்ந்து திரும்பும்படி செய்து, ஊர் நடுவிலிருக்கும் சதுக்கத்தில் வெயிலை விழ வைத்தார்கள். ஊர் முழுக்க இல்லை, அந்தச் சதுக்கத்தில் மட்டும்தான், ஜனங்கள் அங்கே போய் நிற்கிறார்கள். அந்த ஊரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நமக்குக் கண்ணாடி வேண்டாம், வாசற்படியைத் தாண்டினால் போதும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் அது ஒரு லட்சம் வரை போகும், மூட்டம் போட்ட பகலில் சுமார் 10,000, மழை நன்றாகக் கருக்கட்டினால் ஆயிரம் இரண்டாயிரம். டியூப்லைட் போட்ட கூடத்திலோ சில நூறு தேறினாலே பெரிது. குளிர்காலத்தில் மனம் சோர்ந்து போகிறவர்களை வெளிநாடுகளில் காலையில் அரை மணி நேரம் ஒரு விளக்கின் முன்னால் உட்கார வைக்கிறார்களே, அந்த விளக்கின் அளவும் 10,000 லக்ஸ்தான்! அதை நம் தலைக்கு மேலே இருக்கிற மூட்டமே தருகிறது, நாம்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். (வாரக்கணக்கில் மனசு எழும்பவே இல்லை என்றால் டாக்டரிடம் போங்கள், தள்ளிப் போடாதீர்கள்.)

சரி, வெளியே வந்து எதைப் பார்ப்பது? முதலில் பச்சையைப் பாருங்கள். நேர் வெயிலில் இலைமேல் பளபளப்பு ஏறிக் கண் கூசும், நிறம் வெளுத்துத் தெரியும். மூட்டத்தில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் பரவி வருவதால் கூச்சமும் இல்லை, அழுத்தமான நிழலும் இல்லை, இலைக்குள்ளிருக்கும் நிறம் அப்படியே கண்ணுக்கு வந்து சேர்கிறது. தூர் கட்டி நிற்கிற சம்பா வயலைக் கார்த்திகை மாதத்து மூட்டத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் வரப்பில் குந்தி ஒரு நெல் இலையை மட்டும் உற்றுப் பாருங்கள், நுனியில் ஒரு சொட்டு நிற்கும். எல்லாமே பனி என்று நினைக்காதீர்கள், வேர் இரவெல்லாம் இழுத்த தண்ணீரைப் பயிரே நுனி வழியாகக் கசியவிடுகிறது. அந்தச் சொட்டுக்குள் வானமும் எதிர்க்கரைத் தென்னையும் தலைகீழாகத் தெரியும். வெயில் நாளில் சீக்கிரமே காய்ந்துவிடும், மூட்டம் இருந்தால் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

வேலியில் செங்காந்தள் பூக்கிற காலமும் இதுதான், அந்தச் சிவப்புக்குப் பின்னால் சாம்பல் வானம் இருந்தால்தான் எடுப்பு. கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருவதும் இந்த மாதங்களில்தான், பிள்ளைகளை ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

நம் முன்னோர் இந்த ஈர மாதத்தில்தான் திண்ணையிலும் மாடத்திலும் கிணற்றடியிலும் அகல் ஏற்றினார்கள். மாவலி சுற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் கட்டி நெருப்பு வைத்துச் சுற்றினால், ஆளைச் சுற்றிப் பொறி வட்டமாகக் கொட்டும். இப்போது பட்டாசு வாங்கிக் கொடுத்துவிடுகிறோம், தெருவில் ஒருவராவது இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒன்று சொல்லியாக வேண்டும். தண்ணீர் வடியாமல் பயிர் அழுகி நிற்கிறவரிடம் போய் மழையின் அழகைப் பேச எனக்கு வாய் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து வேதாரண்யம் பக்கம் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனதும் இதே மாதத்து வானம்தான். அந்த நேரத்தில் வடிகாலை வெட்டிவிட மண்வெட்டியோடு போய் நிற்பதுதான் முறை.

மற்ற நாட்களில் வாருங்கள். நாளைக் காலை ஆறரை மணிக்கு நானும் சில நண்பர்களும் வாய்க்கால் கரையோடு நடக்கப் போகிறோம், தூறினாலும் போவோம். வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற மாதிரி வந்துவிடுங்கள்.