பனி மலையூருக்கு இரட்டைப் பிள்ளைகளோடு இரண்டு நாள்

வணக்கம் நேயர்களே.

நவம்பரில் இருந்து பெப்ரவரி வரை இந்தச் சுவிஸ் நாட்டு வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சூரிச், ஓல்ட்டன், பேர்ன் எல்லாம் புகாருக்குள், பனிமூட்டத்துக்குள் கிடக்கும். ஆயிரம் மீற்றருக்கு மேலே ஏறிவிட்டால் பல நாட்களில் நல்ல வெயில். புகார் கீழே வெள்ளைக் கடல் மாதிரிப் பரந்து கிடக்கும். வீட்டுக்குள்ளேயே இரண்டு கைக்குழந்தைகளோடு வாரக்கணக்காக அடைபட்டிருக்கிற தாய் தகப்பனுக்கு ஒரு சனி ஞாயிறு மேலே போய்வர ஆசை வருவது நியாயம்தான். போகலாமா என்று கேட்டால், போகலாம். எங்கே, எப்படி என்பதில்தான் கதை இருக்கிறது.

முதலாவது விசயம், ஒரே ஊர். வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டு, சனிக்கிழமை கிறிண்டல்வால்ட், ஞாயிறு காலை மூறன், திரும்பும் வழியில் இன்ரலாக்கன் என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் நடக்கிற ஆட்கள் என்றால் அது நல்ல திட்டம். இரட்டைப் பிள்ளைகளோடு ஒவ்வொரு தடவை வெளிக்கிடும்போதும் பால் கொடுத்து, பாம்பர்ஸ் மாற்றி, உடுப்பு மாட்டி முடிக்க முக்கால் மணித்தியாலம் போய்விடும். இரண்டாவது பிள்ளைக்குத் தொப்பி போடும்போது முதலாவது பிள்ளை வியர்த்து அழத் தொடங்கியிருக்கும். ஆகவே ஒரு ஊரில் தங்குங்கள். மற்ற ஊர்கள் எங்கும் ஓடிப் போகாது.

எந்த ஊர்? பேர்னுக்குக் கிட்ட என்றால் நான் வெங்கனைச் சொல்வேன். 1274 மீற்றர் உயரம். மலையின் இடுப்பில் ஒரு திட்டு மாதிரி இருப்பதால் குளிர்காலத்திலும் வெயில் படும். கீழே லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, அங்கே வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வெங்கனுக்குக் கார் போகாது, பற்சக்கர ரயில் மட்டும்தான். வாகனப் புகையும் இரைச்சலும் குறைவு. ஆனால் ஜனவரி நடுவில் அங்கே லவ்பர்ஹோர்ன் பனிச்சறுக்குப் போட்டி நடக்கும், 1930 இல் தொடங்கியது. அந்த வார இறுதியில் ரயிலில் மூச்சு விட இடம் இராது. நாட்காட்டியைப் பார்த்து அந்தக் கிழமையைத் தவிருங்கள்.

உயரத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் பலர். வெங்கன் 1274, மூறன் 1638, சேர்மாட் ஏறத்தாழ 1600, சென் மோரிட்ஸ் 1800 சொச்சம். சுகமாக இருக்கிற பிள்ளை இந்த உயரங்களில் இரவு தங்குவதில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. யுங்ஃபிராவ்யொக் வேறு கதை. அது 3454 மீற்றர், அங்கே காற்றமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கைக்குழந்தையோடு அங்கே வேண்டாம். பிரான்ஸ் பக்கம் சமோனியில் எய்குய் டு மிடி கேபிள் காரில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றுவதே இல்லை. இரட்டையர்களில் ஒரு விசயத்தையும் மறக்கக் கூடாது. பலர் மாதம் நிறையும் முன்பே பிறந்தவர்கள். எட்டுக் கிழமை முந்திப் பிறந்த நாலு மாதப் பிள்ளையை இரண்டு மாதப் பிள்ளையாகத்தான் கணக்கெடுக்க வேண்டும். பிறந்தபோது மூச்சுக் கஷ்டம் இருந்த பிள்ளை என்றால் உயரம் பற்றி வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். எங்கள் சனம் கேட்க வெட்கப்படும். கேளுங்கள்.

சரி, ரயில். ஆறு வயது வரை பிள்ளைகளுக்கு ரிக்கற் இல்லை, அது நல்லது. இன்ரலாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் இருந்து மேலே போகிற ரயிலில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த ரயில் ஸ்வைலூட்ஷினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிறிண்டல்வால்டுக்கு, மறு பாதி லவுட்டர்புருன்னனுக்கு. அவசரத்தில் அப்பா தள்ளுவண்டியோடு ஒரு கதவால் ஏற, அம்மா பையோடு வேறு கதவால் ஏறினால், ஆளுக்கொரு பள்ளத்தாக்கில் இறங்க வேண்டியதுதான். பால் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். பெட்டியின் வெளிப்பக்கத்தில் எந்த ஊர் என்று எழுதியிருக்கும். வாசித்துவிட்டு, இருவரும் ஒரே கதவால் ஏறுங்கள்.

தள்ளுவண்டி. பக்கத்தில் பக்கமாக இருக்கிற இரட்டை வண்டிகள் பல 74, 76 சென்ரிமீற்றர் அகலம். புறப்பட முதல் அளவு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். தங்கப் போகிற இடத்தின் லிஃப்ட் கதவு எத்தனை சென்ரிமீற்றர் என்று மின்னஞ்சலில் கேட்டு எழுதி வாங்குங்கள். "பெரிய கதவுதான்" என்ற பதிலை ஏற்காதீர்கள், இலக்கம் வேண்டும். பழைய பற்சக்கரப் பெட்டிகளில் ஏறப் படிகளும் உண்டு, இருவர் தூக்க வேண்டி வரும். சில்லும் முக்கியம். வெங்கன் போன்ற ஊர்களில் தெருப் பனியைத் தார் தெரியும்வரை வழிக்க மாட்டார்கள், இறுகிய பனிக்கு மேல் சிறு கல்லைத் தூவி விடுவார்கள். சின்ன பிளாஸ்ரிக் சில்லில் அந்தக் கல் சிக்கும். காற்றடித்த பெரிய சில்லு வேண்டும். முன்சில்லு சுழலாமல் பூட்டிவிடுங்கள். பனி ஆழமாக இருந்தால் தள்ளாமல், திரும்பி நின்று இழுங்கள். சரிவில் நிற்கும்போது பிரேக் போட்டால் மட்டும் போதாது, கைப்பட்டி மணிக்கட்டில் இருக்க வேண்டும். இறுகிய பனியில் பிரேக் போட்ட வண்டியும் வழுக்கும்.

இப்போது குளிர். இதில்தான் நான் கொஞ்சம் கூட நேரம் எடுக்கப் போகிறேன், தொகுப்பாளர் மன்னிக்க வேண்டும்.

மலைப்பாதையில் வண்டி தள்ளுகிறவருக்குக் குளிராது. பத்து நிமிடத்தில் ஜக்கெற்றைத் திறந்து விடுவார். "இன்றைக்குப் பெரிய குளிர் இல்லை" என்பார். அவர் உடம்பு வேலை செய்கிறது, சூடு உண்டாகிறது. வண்டிக்குள் கிடக்கிற பிள்ளை அசையவில்லை. தசை வேலை செய்யாத உடம்பு, சின்ன உடம்பு, தலை பெரிது. அதனால் சூடு வேகமாகப் போகும். தள்ளுகிறவரின் உடம்பை வைத்துப் பிள்ளையின் குளிரைக் கணிக்கவே கூடாது. திரும்பவும் சொல்கிறேன்: நீங்கள் நடக்கிறீர்கள், பிள்ளை நடக்கவில்லை.

எப்படிப் பார்ப்பது? கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கை எப்போதும் குளிராகத்தான் இருக்கும், அது கணக்கில்லை. உங்கள் விரலை முதலில் சூடாக்கிவிட்டு, பிள்ளையின் பிடரியில், கொலருக்குள்ளே விட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக, காய்ந்து இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் உடுப்பு கூடிப்போச்சு. குளிர்ந்து இருந்தால் உடனே உள்ளே போக வேண்டும். கால் மணிக்கு ஒருக்கால் இரண்டு பிள்ளைகளையும் தனித்தனியே பாருங்கள். இரட்டையர் என்றாலும் நிறை ஒன்றாக இராது. ஒருவர் ஆறு கிலோ, மற்றவர் ஐந்து கிலோ என்றால் ஐந்து கிலோக்காரர்தான் முதலில் குளிர்வார். எவ்வளவு நேரம் வெளியே என்பதைச் சின்னவரை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெரியவர் சிரித்துக்கொண்டு கிடப்பார், அதில் ஏமாறாதீர்கள்.

உடுப்பு: தோலில் ஒட்டிப் பருத்தி வேண்டாம், அது வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிராக்கும். மெல்லிய கம்பளி உட்சட்டை, அதற்கு மேல் இன்னொரு கம்பளி, வெளியே தடித்த சுருக்கிய கம்பளி முழுச்சட்டை. தலையும் கழுத்தும் சேர்த்து மூடுகிற தொப்பி. சால்வை வேண்டாம், கழுத்தில் சுற்றும். வண்டியில் குளிர் கீழே இருந்துதான் வரும், இதைப் பலர் யோசிப்பதில்லை. மேலே மூன்று போர்வை, கீழே மெல்லிய துணி. மெத்தைக்கு மேல் செம்மறித் தோலோ தடித்த கம்பளி விரிப்போ போட்டு, அதற்கு மேல் காற்பை, அதாவது பிள்ளையைக் காலோடு உள்ளே விடுகிற தடித்த பை. வண்டியின் வாயைப் போர்வையால் மூடவே கூடாது, உள்ளே காற்று ஓட்டம் நின்றுவிடும். மழை மூடியைப் போட்டுவிட்டு வெயிலில் நிறுத்தினால் உள்ளே கடும் சூடாகிவிடும்.

நெஞ்சில் கட்டிச் சுமப்பது நல்லதுதான், உங்கள் சூடு பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் நாடிக்கும் அதன் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். ஆனால் தொங்குகிற காலைப் பாருங்கள். பட்டி தொடையை அமுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும். முதுகில் சுமக்கிற சட்டகப் பை குளிர்காலத்துக்கு வேண்டாம். பிள்ளையின் முகமும் உங்களுக்குத் தெரியாது, காலும் தெரியாது. மைனஸ் 10 பாகைக்குக் கீழே போனால் வெளியே போகாமல் யன்னலால் மலையைப் பாருங்கள். மைனஸ் 5 இல் அரை மணி போதும். காற்று அடித்தால் இன்னும் குறையுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒன்று. தடித்த பனிச்சட்டையோடு பிள்ளையைக் கார் இருக்கையில் கட்டாதீர்கள். சட்டைக்குள் இருக்கிற காற்று மோதலில் அமுங்கிவிடும், பட்டி தளர்ந்துவிடும். சோதித்துப் பார்க்கலாம்: பனிச்சட்டையோடு வைத்துப் பட்டியை இறுக்குங்கள். பட்டியைத் தளர்த்தாமல் பிள்ளையை எடுங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு அதே பட்டியில் திரும்பப் போடுங்கள். எவ்வளவு தொங்குகிறது என்று உங்கள் கண்ணாலேயே தெரியும். தோளடியில் பட்டியை இரண்டு விரலால் கிள்ளி மடிக்க முடிந்தால் அது தளர்வு. மெல்லிய உடுப்போடு கட்டி, போர்வையைப் பட்டிக்கு மேல் போடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து அந்த இருக்கையில் விடவும் வேண்டாம், முந்திப் பிறந்தவர்களுக்கு இன்னும் குறைய.

கேபிள் கார். கிறிண்டல்வால்டில் 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்தை 15 நிமிடத்தில் ஏறும். வெங்கனில் இருந்து மென்லிகனுக்கு 950 மீற்றர், ஐந்தாறு நிமிடம். காது அடைக்கும். ஏறும்போது காதுக்குள் இருக்கிற காற்று தானாக வெளியேறிவிடும், இறங்கும்போதுதான் விழுங்கினால் ஒழிய வழி திறக்காது. ஆகவே பாலை இறக்கத்துக்கு வையுங்கள். கபின் நிலையத்தை விட்டு வெளிக்கிட்டதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் போத்தலோ சூப்பியோ. அதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். தனியாக ஒருவர் இரட்டையரோடு கேபிள் காரில் இறங்குவது சரிவராது. மூக்கடைப்பு இருக்கிற பிள்ளையையும் ஏற்ற வேண்டாம். மேலே போக ஆசை என்றால் பற்சக்கர ரயிலில் கிளைன ஷைடெக், 2061 மீற்றர், இறக்கம் ஏறத்தாழ 25 நிமிடம் எடுக்கும், காதுக்கு அவகாசம் கிடைக்கும்.

பால்மா. தண்ணீர் குறைந்தது 70 பாகை இருக்க வேண்டும், மாவில் இருக்கக்கூடிய கிருமி அப்போதுதான் சாகும். வெங்கனில் தண்ணீர் 96 பாகை அளவில் கொதித்துவிடும், அது தாராளம். 750 மில்லிலீற்றர் சுடுநீர்ப் போத்தலில் 180 மில்லிலீற்றர்ப்படி நாலு தடவைப் பால் வரும். போத்தலை முதலில் கொதிநீர் விட்டுச் சூடாக்கி ஊற்றி, பிறகு கழுத்துவரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். கலந்த பாலைப் பனிக்குள் குத்தி வைத்தால் உடனே ஆறும் என்று நினைப்போம். ஆறாது. போத்தலைச் சுற்றிப் பனி உருகி ஒரு இடைவெளி வந்துவிடும், அதில் காற்றுத்தான் நிற்கும். ஒரு குவளைப் பச்சைத்தண்ணீரில் வைத்துச் சுழற்றுங்கள், இரண்டு மூன்று நிமிடம். மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். மிச்சம் வைத்த பாலை இரண்டாம் தரம் கொடுக்கக் கூடாது. இருவரின் போத்தலுக்கும் வேறு வேறு நிற றப்பர் வளையம் போடுங்கள். ஈரத் துடைதாள் பக்கெற்றை உங்கள் உட்சட்டைப் பையில் வையுங்கள், பனிபோலக் குளிர்ந்த தாளால் துடைத்தால் ஊரே எழும்பும்.

தொகுப்பாளர் மணியைக் காட்டுகிறார். மிச்சத்தை ஓடி ஓடிச் சொல்கிறேன்.

வெயில்: ஆயிரம் மீற்றருக்குப் பத்து வீதம் புறஊதாக் கதிர் கூடும், புதுப்பனி அதில் 80 வீதம் வரை கீழே இருந்து திருப்பி அடிக்கும். ஆறு மாதத்துக்குள் கிறீம் வேண்டாம், நிழலும் விளிம்புத் தொப்பியும்.

அறை: இரண்டு பயணக் கட்டில் என்று எழுத்தில் கேளுங்கள், ஒன்றுதான் வைத்திருப்பார்கள். 18 பாகை அளவு போதும், ஹீற்றருக்குப் பக்கத்தில் கட்டில் வேண்டாம், உள்ளே தொப்பி வேண்டாம். விறகடுப்பு உள்ள வீடென்றால் காபன்மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாம்பர்ஸ்: இரண்டரை நாளுக்கு இருவருக்கும் 40. பால்மாவை முழுவதும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், மலைக்கடையில் உங்கள் ரகம் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அவசரத்துக்கு 144, மலையில் ஹெலிகொப்ரருக்கு ரேகா வான் மீட்புச் சேவை 1414, நஞ்சு என்றால் 145. மூன்றையும் இருவர் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

சறுக்குவண்டில் பற்றியும் கதைக்க வைத்திருந்தேன், நேரம் இல்லை. தானாக இருக்கத் தெரியாத பிள்ளையை அதில் வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொண்டு சரிவில் வரவும் வேண்டாம். ஞாயிறு திரும்பும்போது நாலு மணி ரயிலை விட ஒரு மணி ரயில் நல்லது, பின்னேரம் பனிச்சறுக்குக்காரர் எல்லாரும் இறங்குவார்கள்.

வணக்கம்.