குறிப்பில் வராத அப்பாவுக்கு என்ன பரிசு?

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் மாதம் பிறந்தால் பத்திரிகைகளின் புதிர்ப் பக்கத்தில் ஒரு வகைக் கணக்கு எட்டிப் பார்க்கும். ஒரு வீடு, நான்கைந்து பேர், நான்கைந்து கிறிஸ்துமஸ் பரிசுகள். யாருக்கு எது என்று நேராகச் சொல்லமாட்டார்கள். ஐந்தாறு குறிப்பைக் கொடுத்துவிட்டு நம்மையே கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதை எப்படிப் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

அச்சில் வரும்போது பக்கத்திலேயே கட்டம் போட்டுத் தருவார்கள். வானொலியில் கட்டம் காட்ட வழியில்லை, நமக்கு அது தேவையும் இல்லை. நேற்றுக் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும். பேனா வேண்டாம். ஏன் என்று போகப்போகத் தெரியும். எடுத்து வாருங்கள், அதற்குள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் 4 பேர்: பாட்டி, அப்பா, அம்மா, மகள். கிறிஸ்துமஸ் மரத்தடியில் 4 பரிசு: சால்வை, கடிகாரம், குடை, புத்தகம். நான்கையும் நான்கு நிறத் தாளில் சுற்றி வைத்திருக்கிறார்கள்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். ஆளுக்கு ஒரு பரிசு, பரிசுக்கு ஒரு நிறம்.

இப்போது குறிப்புகள். மொத்தம் 6. மெதுவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் குறிப்பு: புத்தகம் பச்சைத் தாளில் இல்லை. இரண்டாவது: அம்மாவுக்குக் கிடைத்தது மஞ்சள் தாள் சுற்றிய பரிசு. மூன்றாவது: சால்வையைச் சிவப்புத் தாளில் சுற்றியிருந்தார்கள். நான்காவது: மகளுக்குக் கிடைத்தது நீலத் தாள் அல்ல. ஐந்தாவது: பாட்டிக்கும் சிவப்புத் தாள் இல்லை, மகளுக்கும் சிவப்புத் தாள் இல்லை. ஆறாவது: குடையும் மஞ்சள் தாளில் இல்லை, புத்தகமும் மஞ்சள் தாளில் இல்லை.

அவ்வளவுதான். 4 பரிசை 4 பேருக்கு 24 விதமாகக் கொடுக்கலாம். 4 நிறத்தையும் அப்படியே 24 விதமாகப் பிரிக்கலாம். 24-ஐ 24-ஆல் பெருக்கினால் 576. அந்த 576-இல் ஒன்றே ஒன்றுதான் விடை.

எழுதும் முறையைச் சொல்கிறேன். தாளில் ஆளுக்கு ஒரு வரியாக 4 வரி போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 4 பரிசையும் 4 நிறத்தையும் முதலெழுத்தால் எழுதுங்கள்: சா, க, கு, பு, பிறகு சி, ப, நீ, ம. இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே இன்னும் 4 வரி வேண்டும், பரிசுக்கு ஒரு வரி. அதில் 4 நிறம். பரிசுக்கும் நிறத்துக்கும் உள்ள உறவை எழுத அதுதான் இடம். அது இல்லாவிட்டால் ‘சால்வை சிவப்புத் தாளில்’ என்ற மூன்றாம் குறிப்பை எங்கே எழுதுவீர்கள்? ஆளே இல்லாத குறிப்பு அது. எழுத இடமில்லாத குறிப்பு மனத்தில் தங்கும், அடுத்த குறிப்பு வந்ததும் மறந்துபோகும். ஆக மொத்தம் 8 வரி, 48 எழுத்து. இனிமேல் வேலை எல்லாம் பொருந்தாத எழுத்தைக் கோடு போட்டு அடிப்பதுதான்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. ‘சால்வை’ என்று கேட்டதும் உங்களில் பலர் மனத்துக்குள் பாட்டியின் தோளில் அதைப் போர்த்தியிருப்பீர்கள். மார்கழிக் குளிர், பாட்டி, சால்வை, பொருத்தமாகத்தான் இருக்கிறது. புதிர் எழுதுகிறவருக்கும் அந்தப் பொருத்தம் தெரியும். தெரிந்துதான் சால்வையை வைக்கிறார். வீட்டு நடப்பைப் புதிருக்குள் கொண்டுவந்தால் ஒரு வரி தவறும், அதைத் தொட்டு மற்ற வரிகளும் தவறும். பாட்டி என்பது இங்கே வெறும் பெயர். முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று வைத்துக்கொண்டாலும் விடை மாறாது.

சரி, எங்கே தொடங்குவது? குறிப்புகளைக் கொடுத்த வரிசையில் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. ‘ஆம்’ என்று உறுதியாகச் சொல்லும் குறிப்பு எது என்று முதலில் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் அந்த வகை.

மூன்றாவது: சால்வை சிவப்பு. சால்வை வரியில் ‘சி’யை வட்டமிட்டு, ப, நீ, ம மூன்றையும் அடியுங்கள். பிறகு கடிகாரம், குடை, புத்தகம் மூன்று வரியிலும் ‘சி’யை அடியுங்கள். ஒரு வட்டத்துக்கு ஆறு அடி. இந்த ஆறில் முதல் மூன்றை எல்லாரும் அடிப்பார்கள், அடுத்த மூன்றைத்தான் விட்டுவிடுவார்கள். திரும்பச் சொல்கிறேன்: ஒரு வட்டம் போட்டால் ஆறு அடி. எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த குறிப்புக்குப் போங்கள். 576 இப்போது 144 ஆகிவிட்டது.

இரண்டாவது: அம்மாவுக்கு மஞ்சள். அதற்கும் ஆறு அடி. இதோடு இன்னொன்றும் தானாக வருகிறது. அம்மாவின் தாள் மஞ்சள், சால்வையின் தாள் சிவப்பு. அப்படியானால் சால்வை அம்மாவுக்கு இல்லை. அம்மா வரியில் ‘சா’வையும் அடியுங்கள். மேல் வரியும் கீழ் வரியும் பேசிக்கொள்ளும் இடம் இதுதான். மிச்சம் 36.

ஐந்தாவது: பாட்டிக்கும் மகளுக்கும் சிவப்பு இல்லை. இரண்டு பேர் வரியிலும் ‘சி’ போகிறது. சிவப்பு போனால் சால்வையும் போகும், ‘சா’வையும் அடியுங்கள். இப்போது நான்கு ஆள் வரியையும் மேலிருந்து கீழே பாருங்கள். பாட்டிக்குச் சிவப்பு அடிபட்டது. அம்மாவுக்கு ஏற்கெனவே அடிபட்டது. மகளுக்கும் போயிற்று. அப்பா வரியில் மட்டும் ‘சி’ நிற்கிறது. சிவப்புத் தாள் அப்பாவுக்கு, சால்வை அப்பாவுக்கு! மிச்சம் 12.

ஆறு குறிப்பையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஒன்றிலாவது அப்பா என்ற சொல் இருக்கிறதா? இல்லை. யாரைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையோ அவருடைய பரிசுதான் முதலில் தெரிகிறது.

அடுத்து ஆறாவது குறிப்பு: குடைக்கும் புத்தகத்துக்கும் மஞ்சள் இல்லை. சால்வைக்குச் சிவப்பு என்று முடிந்துவிட்டது. மஞ்சள் தாளுக்குக் கடிகாரம் தவிர வேறு கதியில்லை. மஞ்சள் அம்மாவுடையது, கடிகாரம் அம்மாவுக்கு. கடிகாரமும் குறிப்பில் வராத சொல்தான், கவனித்தீர்களா? மிச்சம் 4.

இப்போது முதல் குறிப்புக்கு வருவோம், புத்தகம் பச்சையில் இல்லை. புத்தக வரியில் சிவப்பும் மஞ்சளும் முன்பே போயின. பச்சையும் போனால் நீலம்தான். புத்தகம் நீலம், குடை பச்சை. மிச்சம் 2. கடைசியாக நான்காவது: மகளுக்கு நீலம் இல்லை. ஆக மகளுக்குப் பச்சைத் தாளில் குடை, பாட்டிக்கு நீலத் தாளில் புத்தகம். முடிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் புதிரின் சாரமே இங்கே இருக்கிறது. ‘புத்தகம் பச்சையில் இல்லை’ என்ற குறிப்பை முதலில் கேட்டோம், கடைசிக்கு முன்னால்தான் எடுத்தோம். எடுத்த எடுப்பிலேயே அதைப் போட்டிருந்தால் 576-இல் 144 போய் 432 மிஞ்சியிருக்கும். நாலில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். கடைசியில் எடுத்தபோது அதே குறிப்பு 4-ஐ 2 ஆக்கியது, பாதியைத் தூக்கிவிட்டது. குறிப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை, சுற்றியுள்ள இடம் சுருங்கியதால் அதற்குப் பலம் கூடிவிட்டது. அதனால் ‘இல்லை’ என்கிற குறிப்பை ஒருமுறை படித்து அடித்துவிட்டு, முடிந்தது என்று தள்ளிவைக்காதீர்கள். ஒரு சுற்று முடிந்ததும் முதல் குறிப்பிலிருந்து மறுபடி வாருங்கள். பெரிய புதிர்களில் மூன்று நான்கு சுற்றுகூட வரலாம். சுற்றி வர அலுத்துப்போய் ஊகத்தில் இறங்குகிறவர்கள்தான் அதிகம். ஊகித்தே ஆகவேண்டிய கட்டம் வந்தால், இரண்டே வழி மிஞ்சியிருக்கும் வரியாகப் பார்த்து, வேறொரு தாளில் படியெடுத்து அதில் ஊகியுங்கள். முரண்பட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அடுத்த வழியைத் தாராளமாக உறுதி செய்யலாம். பென்சில் எடுக்கச் சொன்னது, தவறாக அடித்ததை அழித்துத் திருத்துவதற்காகத்தான்.

குறிப்பில் வராத அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அதே தந்திரத்தால் உலகப் புகழ் பெற்ற ஒரு புதிர் உண்டு. 1962 டிசம்பர் 17 தேதியிட்ட ‘லைஃப் இன்டர்நேஷனல்’ இதழில் வந்தது. வரிசையாக ஐந்து நிற வீடுகள், ஐந்து நாட்டுக்காரர்கள். ஒவ்வொருவரும் வளர்க்கும் பிராணி, குடிக்கும் பானம், புகைக்கும் சிகரெட் எல்லாம் வேறு வேறு. 15 வாக்கியங்களைக் கொடுத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார்கள்: தண்ணீர் குடிப்பவர் யார்? வரிக்குதிரை யாருடையது? அந்த 15 வாக்கியத்தில் தண்ணீரும் கிடையாது, வரிக்குதிரையும் கிடையாது. நம் அப்பாவும் கடிகாரமும் போலத்தான்!

இதில் ஆரம்பத்தில் இருக்கும் வழிகள் எத்தனை தெரியுமா? ஐந்தை ஐந்து பேருக்கு 120 விதமாகப் பிரிக்கலாம், அப்படி ஐந்து 120-ஐ ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். 2,488 கோடியே 32 லட்சம். நம் 576-ஐ இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆனாலும் தொடங்கும் விதம் ஒன்றுதான். ‘நடுவில் உள்ள வீட்டில் பால் குடிக்கிறார்கள்’ என்பது உறுதியான வாக்கியம். ‘நார்வேக்காரர் முதல் வீட்டில்’ என்பதும் உறுதி. ‘நார்வேக்காரர் நீல வீட்டுக்கு அடுத்து இருக்கிறார்’ என்று வேறோர் இடத்தில் வருகிறது. முதல் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஒன்றுதானே உண்டு? ஆக இரண்டாம் வீடு நீலம். இப்படிப் பிடித்துக்கொண்டே போனால் தண்ணீர் குடிப்பவர் நார்வேக்காரர், வரிக்குதிரை ஜப்பானியருடையது என்று வரும். 1963 மார்ச் 25 இதழில் விடை வந்தது. சரியாக எழுதியனுப்பிய பல நூறு பேரின் பெயர்களையும் சேர்த்தே அச்சிட்டார்கள்.

இந்தப் புதிர் இன்று கைப்பேசியில் சுற்றும்போது, ‘ஐன்ஸ்டீன் சிறுவயதில் போட்டது, உலகில் 2 சதவீதம் பேரால்தான் முடியும்’ என்ற வால் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. அதில் வரும் ‘கூல்’ சிகரெட் 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. 1879-இல் பிறந்த ஐன்ஸ்டீன் சிறுவயதில் அதை எப்படி எழுதியிருப்பார்? 2 சதவீதம் என்று படித்துவிட்டு எத்தனை பிள்ளைகள் தொட்டுப் பார்க்காமலே விட்டிருப்பார்களோ! அந்த வரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

தமிழில் புதிர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசுக் கணக்கில் ‘வாங்கினார்’ என்ற சொல்லைப் போடாதீர்கள். ‘அம்மா குடை வாங்கினார்’ என்றால் கடையில் வாங்கினாரா, கையில் வாங்கினாரா? பணம் கொடுத்தவரா, பரிசு பெற்றவரா? ‘அப்பாவின் பரிசு’ என்பதும் அப்படித்தான், அப்பா கொடுத்ததாகவும் இருக்கலாம், அப்பாவுக்கு வந்ததாகவும் இருக்கலாம். ‘அம்மாவுக்குக் கிடைத்தது குடை’ என்று எழுதினால் சந்தேகமே வராது. புதிருக்கு விடை காண்கிறவர்களும் இதைக் கவனிக்கலாம். ஒழுங்காக அடித்தும் விடை முரண்படுகிறதென்றால் முதலில் குறிப்பின் வினைச்சொல்லைப் பாருங்கள்.

இன்னொரு வகைக் குறிப்பு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வரும். ‘பாட்டியும் குடை கிடைத்தவரும் நீலத் தாள்காரரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள்’ என்று இருக்கும். உட்கார்ந்த வரிசையால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் இவர்கள் மூன்று பேர் என்று அதில் அடங்கியிருக்கிறது. பாட்டிக்குக் குடை இல்லை, பாட்டிக்கு நீலம் இல்லை, குடை நீலத்தில் இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று அடி.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்: வீட்டிலும் அலுவலகத்திலும் சீட்டு எடுத்து ‘கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட்’ பிடிக்கும் விளையாட்டு. சீட்டில் வந்த பெயர்க்காரருக்கு ரகசியமாகப் பரிசு தர வேண்டும். அங்கே ஒரே குறிப்புதான், தன் பெயர் தனக்கு வரக்கூடாது. 4 பேர் என்றால் 24 வழியில் 9-தான் தேறும். 5 பேர் என்றால் 120-இல் 44. 6 பேர் என்றால் 720-இல் 265. அதற்கு மேல் எத்தனை பேர் சேர்ந்தாலும் 100-க்கு ஏறக்குறைய 37-தான். சீட்டாட்டம் ஒன்றை வைத்து இந்தக் கணக்கை 1708-லேயே பிரெஞ்சுக் கணிதர் மோன்மோர் அச்சில் கொண்டுவந்துவிட்டார். ஆகவே பத்துத் தடவை குலுக்கினால் ஆறு தடவைக்கு யாராவது ஒருவர் கையில் அவர் பெயரே வந்து நிற்கும்.

நம் வீட்டு 4 பேரில் அப்பாவும் அம்மாவும் ஒருவருக்கொருவர் வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னால் 9 வழி 4 ஆகிவிடும். அந்த நான்கிலும் பாட்டிக்குப் பேத்தி வரமாட்டாள், பேத்திக்குப் பாட்டி வரமாட்டார். நாம் சொல்லாத ‘இல்லை’ அது, தாளில் போட்டுப் பாருங்கள்.

குலுக்கும்போது யாருக்காவது தன் பெயர் வந்தால் அவரை மட்டும் வேறு சீட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் கடைசி ஆளுக்கு அவர் பெயரே மிஞ்சலாம், அப்போது சீட்டை மாற்றப்போய் ரகசியம் வெளியே வரும். எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டு முதலிலிருந்து குலுக்குங்கள். ஆட்கள் அதிகம் என்றால் விளையாட்டில் சேராத ஒருவர் பெயர்களைக் குலுக்கி வரிசையாக வைத்து, ஒவ்வொருவருக்கும் அடுத்த பெயரையும், கடைசியில் இருப்பவருக்கு முதல் பெயரையும் மடித்த சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். அதில் யாருக்கும் தன் பெயர் வராது. நன்றி, வணக்கம்.