காட்டுப்பன்றிகளும் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலும்

நேயர்களுக்கு வணக்கம்.

வன்னியில் மரவள்ளியோ கச்சானோ வைத்த எவரிடமும் காட்டுப்பன்றியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்க்க முடியாது. மழை பெய்து நிலம் இளகிய இரவொன்றில் ஒரு கூட்டம் தோட்டத்துக்குள் இறங்கினால், விடியும்போது கிழங்கும் மிஞ்சாது, வேலியும் மிஞ்சாது. ஆகவே பன்றிகளைக் கொல்லும் கொள்ளைநோய் ஒன்று பரவுகிறது என்று கேள்விப்படும் கமக்காரர், "ஒழியட்டும்" என்று சொன்னால் அவரில் பிழை காண மாட்டேன். ஆனால் அந்த நோய் காட்டுக்குள் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று அறிந்தால், அவருடைய நிம்மதி சற்றுக் குறையும் என்றே எண்ணுகிறேன்.

நான் குறிப்பிடுவது ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலை. சில ஆண்டுகளுக்கு முன்னர் மனிதரிடையே பரவிய பன்றிக் காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது மனிதருக்குத் தொற்றுவதில்லை. 1921இல் கென்யாவிலிருந்து இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஆபிரிக்காவின் சில காட்டுப்பன்றி இனங்கள் இவ்வைரசை உடலில் தாங்கியபடி நோயின்றி வாழ்கின்றன. அவற்றின் வளைகளில் வாழும் ஒருவகை உண்ணிகள் அதைக் கடத்துகின்றன. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள காட்டுப்பன்றிகளுக்கோ வைரசைத் தாங்கும் அந்தப் பழக்கம் இல்லை. 2007இல் ஜோர்ஜியாவுக்குள் புகுந்த வைரஸ், 2014இல் லித்துவேனியாவையும் போலந்தையும், 2018இல் சீனாவையும், 2020இல் இந்தியாவின் அசாமையும் எட்டியது. 2023இன் தொடக்கத்தில் நீலகிரியின் முதுமலைக் காட்டில் இறந்து கிடந்த காட்டுப்பன்றிகளில் அது உறுதி செய்யப்பட்டது. 2024இன் பிற்பகுதியில் இலங்கையின் வளர்ப்புப் பன்றிகளிலும் கண்டறியப்பட்டது.

தொற்றிய பன்றி பெரும்பாலும் சில நாட்களுக்குள் காய்ச்சலில் விழுகிறது. உடல் கொதிக்க, அது கூட்டத்தை விட்டு விலகி, குளிர்ந்த ஈரமான இடத்தைத் தேடிப் போய்ப் படுக்கிறது. போலந்துக் காடுகளில் பிணங்கள் கூடுதலாக அகப்பட்டதும் இத்தகைய இடங்களிலேயே. நமது பக்கத்தில் என்றால் குளக்கரையும் ஆற்றோரப் பற்றைகளும் என்று வைத்துக்கொள்ளலாம். காது நுனியும் வயிற்றுத் தோலும் சிவந்து நீலம் பாரிக்கும். மூக்கால் இரத்தம் கசியும். நோய் கண்டவற்றில் பத்தில் ஒன்பதுக்குக் குறையாமல் இறந்துவிடுகின்றன.

இவ்வளவு வேகமாகக் கொல்லும் நோய், கொல்வதற்கு ஆள் இன்றித் தானாகவே அணைந்துபோக வேண்டும் அல்லவா? தொடக்கத்தில் ஐரோப்பிய ஆய்வாளர் பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். போலந்தின் பியாவோவியேஷா காட்டில் ஓராண்டுக்குள் காட்டுப்பன்றிகளின் தொகை எண்பது வீதத்துக்கும் மேலாக வீழ்ந்தது. ஆயினும் அந்த நாட்டில் நோய் அணையவில்லை. காரணம், வைரஸ் உயிருள்ள பன்றியை மட்டும் நம்பியிருக்கவில்லை. இறந்த உடலின் இரத்தத்திலும் எலும்பு மச்சையிலும் அது வாரக்கணக்கில், குளிர் நாடுகளில் மாதக்கணக்கில், தொற்றும் ஆற்றலோடு கிடக்கிறது. பிணம் அழுகி முடிந்த இடத்துக்குப் பன்றிகள் திரும்பத் திரும்ப வந்து மண்ணை முகர்ந்து கிளறுவதைத் தானியங்கிக் கமராக்கள் பதிவு செய்துள்ளன. நமது வெப்பத்தில் உடல் விரைவாக அழியும் என்பது ஓரளவு சாதகமே; ஆனால் ஒரு தொற்றுக்கு அவ்வளவு காலமும் தேவையில்லை.

பன்றி தன் காலால் இந்நோயைக் கொண்டுபோகும் தூரம் மாதத்துக்குச் சில கிலோமீற்றர் மட்டுமே. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டுவது மனிதர் கையால்: இறைச்சி, எச்சில் உணவு, வாகனச் சக்கரம், சப்பாத்து. 2017இல் செக் நாட்டின் ஸ்லின் பகுதியிலும், 2018இல் பெல்ஜியத்திலும் நோய் இப்படி எங்கிருந்தோ குதித்து வந்தது. அவ்விரு நாடுகளும் அதை வென்றன என்பதால், அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். நோய் கண்ட பகுதியைச் சுற்றி வேலி அடைத்தார்கள். தொடக்கத்தில் அதனுள்ளே வேட்டையைத் தடுத்தார்கள், ஏனெனில் வெடிச்சத்தத்தில் கலைந்து ஓடும் பன்றி நோயையும் கூட்டிக்கொண்டே ஓடும். இறந்த உடல்களைத் தேடி எடுத்து அழித்தார்கள்; சுடுவது அதன் பின்னரே. செக் நாடு 2019இலும் பெல்ஜியம் 2020இன் இறுதியிலும் நோயற்றவையாக அறிவிக்கப்பட்டன. இதைப் படிக்கும்போது எனக்கு, இரைக்குள் ஒளித்து வைக்கும் நமது ஊர்ப் பன்றி வெடிதான் நினைவுக்கு வரும். யானைக் குட்டிகளின் வாயைச் சிதைக்கும் அந்தச் சட்டவிரோத வெடி, நோய்க் காலத்தில் இன்னொரு வகையிலும் கேடு செய்யும்.

வியட்நாமில் வளர்ப்புப் பன்றிகளுக்குத் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்துள்ளது. காட்டுக்குள் அலையும் பன்றியைப் பிடித்து ஊசி போடுவது நடக்கிற காரியம் அன்று. இரைக்குள் மருந்து வைத்து வேறொரு பன்றி நோயை ஜேர்மனியர் கட்டுப்படுத்தியதுண்டு. இந்நோய்க்கு அத்தகைய மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

பன்றி குறைந்தால் வேறு யாருக்கு நட்டம்? போர்ணியோவின் சபா மாநிலத்தில் 2021இல் தாடிப் பன்றிகள் பெருந்தொகையாக மடிந்தபோது, தலைமுறைகளாக அவற்றை வேட்டையாடி உண்ட பழங்குடிக் குடும்பங்களின் உணவே பறிபோனது. அசாமில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ள குள்ளப் பன்றி இனத்துக்கு இந்நோய் ஒரேயடியாக முடிவு கட்டிவிடக்கூடும். நமது காடுகளின் பன்றி அவ்வளவு அருமையானது அன்று. ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டி போடும் விலங்கு, இடம் கொடுத்தால் மீண்டும் பெருகிவிடும். அதனாலேயே நோய் கமக்காரருக்கு நிலையான விடுதலையும் தராது. இடைப்பட்ட காலத்தில் சிறுத்தைக்கு ஓர் இரை குறைகிறது. இரை குறைந்த சிறுத்தை ஊர்மாட்டையும் நாயையும் தேடி வந்தால் வியப்படைய வேண்டாம்.

நமக்கு மிக அண்மையான அபாயம் எது என்று கேட்டால், வில்பத்துவின் தெற்கு விளிம்பையே காட்டுவேன். நாட்டின் பன்றி வளர்ப்பில் பெரும்பங்கு மேற்கிலும் வடமேற்கிலும் நடக்கிறது. புத்தளம் மாவட்டமும் அதில் அடங்கும். வில்பத்துக் காடு அந்த மாவட்டத்தில் தொடங்கி மன்னார்ப் பக்கமாக விரிந்து கிடக்கிறது. பண்ணைக் கழிவு ஓரிடத்தில் காட்டோரம் கொட்டப்பட்டாலே போதும்.

அடுத்தது வத்தல். காட்டுப்பன்றி இறைச்சியை உப்பிட்டு வெயிலில் காயவைத்து, வன்னியிலிருந்து யாழ்ப்பாணத்து உறவினருக்குப் பஸ்ஸில் அனுப்புவது நாமறியாத செய்தி அன்று. உப்பும் வெயிலும் இந்த வைரசை விரைவில் கொல்வதில்லை. உலர்ந்த இறைச்சியில் அது மாதக்கணக்கில் இருக்கும். நன்றாகக் கொதிக்க வேகவைத்தால் அழிந்துவிடும். ஆகவே கறிச்சட்டியில் ஆபத்தில்லை. கழுவிய தண்ணீரும் எறிந்த எலும்பும் வீட்டுப் பின்வளவில் வளரும் பன்றிக்குப் போனால்தான் ஆபத்து.

காட்டில் பிணத்தை முதலில் காண்பவர் அதிகாரியாக இருக்கப் போவதில்லை. பட்டி மாடு மேய்ப்பவரும், தேனெடுக்கப் போகிறவரும், விறகுக்குப் போகிறவரும்தான். காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கும் பன்றியைக் கண்டால் அவர்கள் அதை வெட்டவோ இழுக்கவோ கூடாது. இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ சொல்ல வேண்டும். செக் நாட்டில் பிணத்தைக் காட்டிக்கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் வரை நடந்து வருபவருக்கு இங்கேயும் ஏதாவது கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து. வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த பன்றியை அவர் காணாதது போலக் கடந்து போவார், அல்லது வத்தல் போடுவார்.